ஃபுட்பேக்: கையை ஆட்டினால் பாணி ஆகுமா?

அன்புள்ள அண்ணா,

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடக்கும் விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது ஃபுட்பேக் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில்தான் இந்தக் கடிதம். நான் கடலூர், மஞ்சகுப்பம் பக்கம். கல்லூரியில் படிக்கிறேன். ஃப்ரீஸ்டைல் ஃபுட்பேக் ஆடுகிறேன். இங்கே கற்றுத்தர ஆள் கிடையாது, எல்லாம் யூடியூப்தான். மிராஜ், லெக்ஓவர், கிளிப்பர் என்ற வித்தைகள் வரும். பட்டர்ஃபிளை பாதி நேரம் வரும்.

போன வாரம் நண்பன் என்னை வீடியோ எடுத்தான். பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. வித்தை எல்லாம் சரியாகத்தான் விழுகிறது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை. செக் நாட்டு வாஷெக் க்ளௌடா மாதிரி உலகச் சாம்பியன்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கையையும் தோளையும் அவர்களைப் போல வைக்கப் பார்க்கிறேன். நண்பன் "என்னடா, டான்ஸா?" என்கிறான். என்னோடு ஆடும் ஓர் அண்ணன், "ஸ்டைல் எல்லாம் பிறவியிலேயே வரணும். நீ முதல்ல நாலு ‘ஆட்’ கஷ்டமுள்ள வித்தை கத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். நல்ல ஸ்டைல் என்பது எது? அதைப் பழகி வரவழைக்க முடியுமா? கடைசியாக, ஷூ எது வாங்கலாம்?

ச., கடலூர்

அன்புள்ள ச.,

முதலில் இந்த ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பை. உள்ளே பிளாஸ்டிக் மணியோ மணலோ இருக்கும். கை படாமல் காலால் ஆட வேண்டும். 1972இல் அமெரிக்காவின் ஓரிகன் சிட்டியில் மைக் மார்ஷல் என்பவர் கையால் செய்த ஒரு பையைக் காலால் தட்டிக்கொண்டிருந்தார். முழங்காலில் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்த ஜான் ஸ்டால்பெர்கர் அவரோடு சேர்ந்துகொண்டார். அதுவே ஹேக்கி சாக் என்ற பெயரில் கடைக்கு வந்தது. மார்ஷல் 1975இலேயே இறந்துவிட்டார். ஸ்டால்பெர்கர் விடாமல் நடத்தி, 1983இல் வாம்-ஓ நிறுவனத்துக்கு விற்றார். ஆக, காலைச் சரிசெய்துகொள்ள ஆடத் தொடங்கிய ஒருவரிடமிருந்து பரவிய ஆட்டம் இது. பாணி பிறவியில் வரும் என்று சொன்ன உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஃப்ரீஸ்டைலில் பையைச் சும்மா தட்டிக்கொண்டே இருப்பதில்லை. காலில் ஏந்தி நிறுத்துவது டிலே. அங்கிருந்து மேலே விடுவது ஸெட். பை காற்றில் இருக்கும்போது கால் அதைச் சுற்றி வந்தால் டெக்ஸ். நிற்கும் காலுக்குப் பின்னால் மற்றக் காலைக் குறுக்கே கொண்டுபோய் உள்பாதத்தில் ஏந்தினால் கிளிப்பர். கடினத்தை ‘ஆட்’ என்ற அலகால் எண்ணுகிறார்கள்: ஏந்தியதற்கு ஒன்று, டெக்ஸுக்கு ஒன்று, குறுக்கே போனதற்கு ஒன்று, உடலைச் சுழற்றியதற்கு ஒன்று. மிராஜ் இரண்டு ஆட், பட்டர்ஃபிளை மூன்று, டார்க் நான்கு.

நல்ல கணக்குதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை மட்டும்தான் அது எண்ணும். பட்டர்ஃபிளையும் மூன்று ஆட், ஓசிஸும் மூன்று ஆட். ஓசிஸில் டெக்ஸே கிடையாது. உடல் சுழல்கிறது, முகம் ஒரு கணம் பையை விட்டுத் திரும்பி மறுபடி வந்து பிடிக்கிறது. பட்டர்ஃபிளையில் முகம் எங்கேயும் போவதில்லை. கால் வெளியிலிருந்து உள்ளே வளைந்து வருகிறது. புள்ளி ஒன்றே, பார்க்கிறவருக்குக் கிடைப்பது வேறு. போட்டி நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். முப்பது விநாடிக்குள் எவ்வளவு கடினத்தை அடுக்க முடியும் என்று பார்க்கும் ஷ்ரெட் 30 ஒரு பக்கம் இருக்கிறது. இசைக்கு அமைத்து ஆடும் ரொட்டீன் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதில் கலைத்தன்மைக்கும் மதிப்பெண் உண்டு.

சரி, உங்கள் வீடியோவுக்கு வருவோம். நான் அதைப் பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு ஊகம் சொல்கிறேன். நீங்கள் திருத்தப் பார்த்தது கையை. கோளாறு அநேகமாக ஸெட்டில் இருக்கும்.

பார்க்கிற எல்லோரும் சுற்றும் காலைத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கால் சுற்றுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது அதற்கு முன்னால் பையை விட்ட உயரம். பயத்தில் ஆடுகிறவர் உயரமாக விடுவார். நேரம் கிடைக்கும், ஆனால் பை மேலே போய் வரும்வரை உடல் கீழே காத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காத்திருப்புதான் வீடியோவில் அசிங்கமாகத் தெரிவது. அதை மறைக்கத்தான் கை ஆடத் தொடங்குகிறது. தோள் ஏறுகிறது, நடுவில் தேவையில்லாமல் ஒரு குதி வருகிறது. இதில் இன்னொன்றும் நடக்கும்: ஒரு ஸெட் இடுப்பு உயரம், அடுத்தது தலை உயரம், அதற்கடுத்தது நெஞ்சுக்கு. தாளம் எப்படி நிற்கும்? நல்ல ஆட்டக்காரரின் வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, காலை மறந்துவிட்டு, பை ஒவ்வொரு முறையும் எங்கே உச்சம் தொடுகிறது என்று மட்டும் பாருங்கள். பல விஷயம் விளங்கும். ஒரே மட்டத்தில் நாலைந்து வித்தை போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒன்றை உயர விட்டு, அந்த இடைவெளியில் உடலை மெதுவாகத் திருப்புவார். அந்த ஒன்று நமக்குத் தனியாகத் தெரிவதற்குக் காரணம் அதற்கு முந்தையவை எல்லாம் ஒரே உயரத்தில் இருந்ததுதான்.

ஏந்துவதிலும் இதே கதை. பை காலில் வந்து மோதக் கூடாது. பை இறங்கும்போது காலும் கூடவே இறங்க வேண்டும். அது சரியாக நடந்தால் சத்தமே வராது. ஏந்தியதும் உடனே விடுவதா, ஒரு கணம் வைத்திருந்து விடுவதா என்பது உங்கள் இஷ்டம். அந்த இஷ்டம்தான் பாணி என்று நான் நினைக்கிறேன்.

இஷ்டம் என்று சொன்னதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளிப்பருக்கும் முன்னால் உங்களுக்கு ஒரு சின்ன எட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது என்று வையுங்கள். அதை இன்று மாலை வைக்காமல் ஆடிப் பாருங்கள். ஆட முடிந்தால், அப்புறம் அந்த எட்டை வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். அது உங்கள் ஆட்டத்துக்கு அழகாகக்கூட இருக்கலாம். அது இல்லாமல் ஆடவே முடியவில்லையென்றால் அது பாணி இல்லை, ஊன்றுகோல். என் அனுபவத்தில், "இது என் ஸ்டைல்" என்று ஆட்டக்காரர்கள் காட்டுவதில் பாதி இந்த வகை.

இதற்கு நீங்கள் ஒரு மறுப்புச் சொல்லலாம். பும்ராவால் தன் ஆக்‌ஷனை விட்டுவிட்டு வீச முடியுமா, அதை ஊன்றுகோல் என்பீர்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உடல் விதிப்பது வேறு, பயம் விதிப்பது வேறு. பும்ராவின் அந்தக் குட்டி ஓட்டமும் நீட்டிய கையும் அவர் உடம்போடு வந்தவை, பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் டென்னிஸ் பந்தோடு அதே ஆக்‌ஷனைப் போடும் பையன்கள் எத்தனையோ பேர். கை மட்டும் பும்ரா, பந்து பாதியில் படுத்துவிடும். உங்கள் இடுப்பு இறுக்கமானது என்றால் இடுப்பைத் திருப்பி ஆடும் பாரடாக்ஸ் வித்தைகளில் அது திரும்புவது சிரமமாகத்தான் இருக்கும். கால் நீளமென்றால் டெக்ஸ் பெரிய வட்டமாக, கொஞ்சம் சோம்பலாக வரும். இவற்றோடு சண்டை போட வேண்டாம். நீளக் கால்காரர் குட்டையானவரின் படபடப்பைக் காப்பி அடிக்கும்போதுதான் டான்ஸா என்ற கேள்வி வருகிறது.

காப்பி அடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கற்றுத்தர ஆளில்லாத ஊரில் வேறு என்ன வழி? ஆனால் ஒருவரையே முழுதாக எடுக்காதீர்கள், அதிலும் கையையும் முகபாவத்தையும் எடுக்கவே வேண்டாம். அவை அவருடைய சமநிலைக்காக அவர் உடல் செய்வது. அவர் எந்த வித்தைக்குப் பிறகு எந்த வித்தையை வைக்கிறார், எங்கே நிறுத்துகிறார், எதைச் செய்யாமல் விடுகிறார் என்பதை எடுங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். தெரிந்த எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் கொட்டுகிறவரின் ஆட்டம் நினைவில் நிற்பதில்லை.

அப்புறம் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வித்தை வலது காலில் அழகாகவும் இடது காலில் கணக்குத் தீர்க்கும் விதத்திலும் வரும். உங்கள் மிராஜை இரண்டு பக்கமும் படம் பிடித்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ஆள் ஆடியது போல இருந்தால், அப்போது உங்களுக்கென்று ஒரு பாணி இருக்கிறது.

நாலு ஆட் வந்த பிறகு பாணியைப் பார்க்கலாம் என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. மிராஜை அசிங்கமாகப் பழகிய கால் டார்க்கையும் அசிங்கமாகத்தான் ஆடும், ஏனென்றால் டார்க் என்பதே மிராஜோடு ஓசிஸைச் சேர்த்ததுதான். இரண்டு ஆட் வித்தைகளை இப்போதே சுத்தம் செய்யுங்கள். கடினமான வித்தை பழகுவதை நிறுத்தவும் வேண்டாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். அழகெல்லாம் எதற்கு, எண்ணிக்கை போதாதா என்று நினைப்பவர்களுக்கு இந்த விளையாட்டிலேயே தனி வாசல் இருக்கிறது. 1997இல் டெட் மார்ட்டின் என்ற அமெரிக்கர் பையைத் தரையில் விடாமல் 63,326 முறை தட்டினார், கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பேனா என்றால், மாட்டேன்.

கடலூர்க்காரராக உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சில்வர் பீச் பக்கம் ஆடுவதென்றால் மணலில் இறங்காதீர்கள், ஊன்றிய கால் திரும்பாது, முழங்காலுக்கும் நல்லதில்லை. மேலே சிமென்ட் தரையில் ஆடுங்கள். அங்கே சாயங்காலம் கடல்காற்று அடிக்கும். உயர விட்ட பை கொஞ்சம் தள்ளித்தான் இறங்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் தாழ்வாக, உடலுக்குப் பக்கத்தில் விட அந்தக் காற்றே கற்றுக்கொடுத்துவிடும். இங்கே புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு ஆடும் இரண்டு மூன்று பேரிடம் அந்தத் தாழ்வான ஸெட்டைப் பார்த்திருக்கிறேன். உள் அரங்கில் பழகியவர்களின் ஆட்டம் அப்படி இருப்பதில்லை. ஒருநாள் பஸ் ஏறி வாருங்கள், அவர்களோடு வட்டத்தில் நின்று ஆடலாம்.

ஷூ பற்றி. ஃபுட்பேக்காரர்கள் நெடுநாளாகத் தேடிப் போட்டது அடிடாஸின் ராட் லேவர் என்ற டென்னிஸ் ஷூவை. மேல்பக்கம் வலைத்துணி, லேஸை மாற்றிக் கோத்தால் முனையில் பை உட்கார இடம் கிடைக்கும். அதற்காக நீங்கள் அலைய வேண்டாம். முனை அகலமாக, அடிப்பாகம் தட்டையாக, உள்பாதப் பக்கம் தடித்த தையலோ ரப்பர் பட்டையோ இல்லாமல் இருந்தால் போதும், புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலேயே கிடைக்கும். முன்பக்க லேஸைத் தளர்த்திக் கட்டுங்கள். வாங்கப் போகும்போது பையையும் எடுத்துப் போய், ஷூவைப் போட்டுக்கொண்டு அங்கேயே ஒரு கிளிப்பர் ஏந்திப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.