பேப்பரைப் பார்த்ததும் கை நின்றுபோகிறது, டீச்சர்

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தேன். 500க்கு 471 எடுத்து பள்ளியில் முதலாவதாக வந்தேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து மதுரையில் ஒரு பெரிய பள்ளியில் சேர்த்துவிட்டார். இங்கிலீஷ் மீடியம், பயாலஜி குரூப். இப்போது பிளஸ் டூ. என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 480க்கு மேல் எடுத்து வந்தவர்கள். அரையாண்டு பிசிக்ஸ் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, முன் பெஞ்சுப் பெண் எழுந்து அடிஷனல் பேப்பர் கேட்டாள். அதோடு எனக்குக் கை நின்றுவிட்டது. முதல் நாள் ராத்திரி பார்க்காமல் எழுதிப் பார்த்த டெரிவேஷனில் ஒரு வரிகூட வரவில்லை. 70க்கு 19. வீட்டுக்கு வந்து யோசித்தால் எல்லாம் தெரிகிறது. இப்போது டெஸ்ட் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. ஊரில் என்னைப் படிப்பாளி என்கிறார்கள். உண்மையில் நான் மக்குதானா? சின்னப் பள்ளி என்பதால் இத்தனை நாள் அது தெரியாமல் போய்விட்டதா? 19 என்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.
(பெயர் வேண்டாம், மேலூர் வட்டம்)

பதில்:

மகளே, "வீட்டுக்கு வந்து யோசித்தால் எல்லாம் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறாய். போகிற போக்கில் எழுதிவிட்டாய், ஆனால் உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. படிக்காதவளுக்கு, புரியாதவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் தெரியாது. உனக்குத் தெரிகிறது. அப்படியென்றால் பாடம் உன்னிடம்தான் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரத்தில் அதை எடுக்க முடியாமல் ஏதோ மறிக்கிறது. அது என்ன என்று பார்ப்போம்.

முதலில் அந்த 471ஐப் பேசிவிடலாம். சின்னப் பள்ளியில் வந்த மார்க் என்று நீயே அதைத் தள்ளுபடி செய்கிறாய். பொதுத்தேர்வு வினாத்தாள் மாநிலம் முழுக்க ஒன்றுதான். விடைத்தாளைத் திருத்தியவருக்கு உன் ஊரும் தெரியாது, உன் பள்ளியும் தெரியாது. மேலூர் கிராமத்துப் பெண்ணுக்கென்று யாரும் கூடப் போட்டுவிடவில்லை. உன் வகுப்பில் 485 எடுத்தவள் எந்தப் பேப்பரை எழுதினாளோ அதையேதான் நீயும் எழுதினாய். அவளுக்கும் உனக்கும் 14 மார்க் வித்தியாசம். அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இப்படித் தோன்றுகிறது? இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலேயே இதைக் கவனித்தார். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றைச் சாதாரணப் பள்ளியிலும் இன்னொன்றைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியிலும் விட்டால், கெட்டிக்காரர்கள் நடுவில் போன பிள்ளை தன்னைக் குறைவாக மதிக்கத் தொடங்குகிறது. சின்னக் குளத்துப் பெரிய மீன் என்பது அவர் வைத்த பெயர். நம் பக்கத்து வழக்கில் கண்மாய் என்று வைத்துக்கொள். பிறகு அவரும் இன்னொருவரும் சேர்ந்து 26 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயதுப் பிள்ளைகளின் பதில்களை வைத்துப் பார்த்தபோதும் இதேதான் தெரிந்தது. உங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்குமே, பார்த்திருப்பாய். ஊர்க் கண்மாயில் பெரிது என்று தூக்கிக் காட்டிய கெண்டையை வைகை அணையில் கொண்டுபோய் விட்டால் அது கண்ணிலேயே படாது. அதற்காக அந்தக் கெண்டை இளைத்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

நாம் எப்படிப்பட்டவர் என்ற எண்ணத்தை நம்மில் யாரும் தனியாக உட்கார்ந்து உண்டாக்கிக்கொள்வதில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் அளக்கிறோம். உன் வயதில் அது இன்னும் அதிகம். அதுவும் நம் பள்ளிகள் அந்த அளவுகோலைக் கையில் திணித்துவிடுகின்றன. 2017ஆம் ஆண்டிலிருந்து பொதுத்தேர்வில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அரசு அறிவிப்பதில்லை. நல்ல முடிவு. ஆனால் மே மாதம் மாட்டுத்தாவணியிலும் பெரியார் நிலையத்திலும் ஃப்ளெக்ஸ் பலகைகளில் பிள்ளைகளின் முகத்தை மார்க்கோடு தொங்கவிடுவது நின்றபாடில்லை. அந்தப் பலகையில் இல்லாத முகங்கள் அதைத் தாண்டித்தான் தினமும் பஸ் ஏறுகின்றன என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

நானும் இதில் குற்றவாளிதான். ஆசிரியையாக இருந்த முதல் பல வருடங்கள் திருத்திய பேப்பரை மார்க் வரிசைப்படி அடுக்கி, அதிகத்திலிருந்து குறைவுக்கு என்று பெயர் சொல்லிக் கொடுப்பேன். அப்படிச் செய்தால் ரோஷம் வரும் என்று நம்பினேன். ஒரு பையன், என் கையில் நாலைந்து பேப்பர் மிச்சம் இருக்கும்போதே, நான் கூப்பிடும் முன்னால் எழுந்து வந்து மேசைப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தான். தன் இடம் அதுதான் என்று அவனே முடிவு செய்துவிட்டான். அதை நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. பிறகு ரோல் நம்பர்படி, பேப்பரைக் கவிழ்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். அந்தப் பையனுக்கு அது உதவவில்லை, அவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான். உன் கடிதத்தில் "மக்குதானா" என்ற வார்த்தையைப் படித்தபோது அவன் நின்ற இடம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, கை ஏன் நின்றது? தேர்வுப் பயத்தை லீபர்ட், மோரிஸ் என்ற இருவர் 1967இல் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடம்பு சம்பந்தப்பட்டது: நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, வயிற்றுக் கலக்கம். மற்றது மனசுக்குள் ஓடும் கவலைப் பேச்சு: "அவள் எழுதிவிட்டாள், எனக்கு வரவில்லை, சங்கிலி போச்சு." பின்னால் வந்த ஆய்வுகளிலும், மார்க்கை அதிகம் தின்பது இந்தக் கவலைப் பேச்சுதான் என்று தெரிந்தது. படபடப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கபடியில் பாடிப் போகிற பெண்ணுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

கணக்குப் போட, டெரிவேஷனில் அடுத்த வரியை யோசிக்க, மூளையில் இருக்கும் இடம் மிகச் சிறியது. ஒரு சிலேட்டு என்று நினைத்துக்கொள். அந்தப் பெண் எழுந்து பேப்பர் கேட்ட நொடியில், அந்தச் சிலேட்டில் நீ அப்பாவின் கடனை எழுதினாய், பள்ளியின் பெயரை எழுதினாய், "நான் மக்கு" என்று பெரிதாக எழுதினாய். டெரிவேஷன் எழுத இடம் எங்கே? வீட்டுக்கு வந்ததும் சிலேட்டு துடைபட்டுவிட்டது, எல்லாம் தெரிந்தது. இங்கேதான் உன் இரண்டு கேள்விகளும் ஒன்றாகின்றன. மக்கு என்று நினைப்பதால் பயம் வருகிறது, பயத்தால் கை நிற்கிறது, கை நின்றதால் 19 வருகிறது, அந்த 19ஐக் காட்டி மக்கு என்று நிரூபிக்கிறாய். செக்குமாடு மாதிரி இதையே சுற்றிக்கொண்டிருக்கிறாய். எந்த இடத்திலாவது நிறுத்த வேண்டும். பயத்தை நேராக நிறுத்துவது கஷ்டம், மற்ற இடங்களில் நிறுத்தலாம்.

இரவு ஒரு முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தாய், அது நல்ல பழக்கம். அதைத் தேர்வு மாதிரியே செய்ய வேண்டும். புத்தகத்தை மூடி, கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம், பக்கத்தில் ஆட்கள் இருக்கும் இடத்தில். தனி அறையில் எழுதிப் பழகிய கைக்கு, பக்கத்தில் நாலு பேர் பேப்பர் புரட்டும் சத்தம் புதிதாக இருக்கும். சனிக்கிழமை புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போ. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அக்காக்களும் அண்ணன்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து பழைய வினாத்தாளை எடுத்து எழுது. நினைவிலிருந்து எடுத்து எழுதும் பயிற்சியை வகுப்பிலேயே அடிக்கடி செய்த 1,408 மாணவர்களை அமெரிக்காவில் கேட்டுப் பார்த்தார்கள். அதனால் தேர்வுப் பதற்றம் குறைந்தது என்று 72 சதவீதம் பேர் சொன்னார்கள். 2014இல் வந்த ஆய்வு இது. மறுபடி மறுபடி படிப்பதால் வருகிற தைரியம் ஹாலுக்கு வெளியே நின்றுவிடும். எழுதிப் பார்த்த தைரியம்தான் உள்ளே வரும்.

தமிழில் பத்து வருடம் படித்துவிட்டு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்ததை ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டாய். எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நீ தமிழில் யோசித்து இங்கிலீஷில் எழுதுகிறாய், உன் சிலேட்டில் ஏற்கெனவே அதற்கே ஒரு மூலை போய்விடுகிறது. அரசுப் பாடநூலின் தமிழ் வடிவம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நிலைமின்னியல் பாடத்தைத் தமிழில் ஒரு முறை படி, பிறகு இங்கிலீஷ் புத்தகத்தில் அதே பக்கத்தைப் பார். மின் இருமுனை என்று மனசில் பதிந்துவிட்டால் டைபோல் தானாக வரும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஹாலுக்குள்ளே: 10 மணிக்கு வினாத்தாள் வந்ததும் படிப்பதற்கு மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். அந்த நேரத்தில் தெரியாத கேள்வியைத் தேடாதே, தெரிந்ததை எண்ணு. பிசிக்ஸில் 15 ஒரு மார்க் கேள்விகள். இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள், அதில் ஒன்றுதான் கட்டாயம். ஐந்து மார்க்கில் 'அல்லது' உண்டு. தெரியாததை விட்டுவிடலாம் என்று பேப்பரே அனுமதிக்கிறது. எழுத ஆரம்பித்து மறுபடி கை நின்றால், பேனாவைக் கீழே வை. இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி, உள்ளே இழுத்ததைவிட மெதுவாக மூச்சை வெளியே விடு, நாலு தடவை. பிறகு வரிகளை ஞாபகப்படுத்தப் போராடாமல் படத்தைப் போடு. டைபோல் கேள்வி என்றால் ஒரு கோடு, அதில் ஒரு பக்கம் நேர்மின்னூட்டம், ஒரு பக்கம் எதிர்மின்னூட்டம், தூரத்தில் ஒரு புள்ளி. படம் வந்துவிட்டால் முதல் வரி பெரும்பாலும் வந்துவிடும். இன்னொன்று, பொதுத்தேர்வில் விடைத்தாளைத் தைத்த புத்தகமாகவே கையில் தருவார்கள். அந்த எழுந்து நின்று பேப்பர் கேட்கும் சத்தம் அங்கே குறைவு.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தையெல்லாம் காகிதத்தில் எழுதிவிட்டுப் போனவர்கள் நன்றாக எழுதினார்கள் என்று 2011இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் வரவில்லை. அதனால் மருந்து மாதிரி இதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் மாணவிகள் சிலருக்கு உதவியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒரு பழைய நோட்டில் எழுதிப் பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடு.

ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தால் அதை நிறுத்து. வயிற்றுக் கலக்கம் தினமும் தொடர்ந்தாலோ, தூக்கம் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது நினைப்பு வந்தாலோ காத்திருக்காதே. அன்றைக்கே அம்மாவிடம் சொல். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் போவது மாதிரிதான் அங்கே போவதும்.

இனி அப்பா. பயப்படும்போது 19 என்பது உனக்கு பூதம் மாதிரி தெரிகிறது, அதனால் கணக்கைச் சொல்கிறேன். பிசிக்ஸில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. உன் மிக மோசமான நாளில்கூட நீ எழுத்துத் தேர்வின் எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறாய். ஒருவேளை ஒரு பாடம் போனாலும் ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு இருக்கிறது, வருடம் வீணாகாது. இதைத் தெரிந்துகொண்டு அப்பாவிடம் போ. மறைத்து வைத்திருக்கும் மார்க்கும் உன் சிலேட்டில் இடம் பிடிக்கிறது, அதனால்தான் சொல்லச் சொல்கிறேன். வீட்டில் எல்லோர் முன்னாலும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கிவிட்டு வண்டி சும்மா வரும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள். "அப்பா, பிசிக்ஸில் 19. எனக்குப் பாடம் தெரிகிறது, பரீட்சையில் பயத்தில் கை நின்றுவிடுகிறது. சனிக்கிழமை லைப்ரரிக்குப் போய் எழுதிப் பழகப் போகிறேன்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல். மார்க்கை மட்டும் சொன்னால் அவருக்கும் பயம்தான் வரும். கோபப்படலாம், கொஞ்ச நேரம் பேசாமலும் இருக்கலாம். பொறுத்துக்கொள். சங்கிலியை அடகு வைத்தவர் உன் 471ஐ நம்பித்தான் வைத்தார், அந்த நம்பிக்கை தப்பில்லை.

ஜனவரியில் ரிவிஷன் டெஸ்ட் வரும். அது முடிந்ததும் எனக்கு மறுபடி எழுது. மார்க் வேண்டாம். எந்தக் கேள்வியில் கை நின்றது, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓடியது, இரண்டை மட்டும் எழுது.