மணிக்கட்டிலா, கன்சோலிலா? டைவ் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டைவ் கம்ப்யூட்டரைப் பற்றியவை. கடலுக்குள் இறங்கும்போது ஆழம், நேரம், உடம்பில் சேரும் நைட்ரஜன் எல்லாவற்றையும் கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும் கருவி அது. மணிக்கட்டிலும் கட்டலாம்; ஹோஸ் (ரெகுலேட்டரிலிருந்து வரும் குழாய்) நுனியில் தொங்கும் மீட்டர் பெட்டியான கன்சோலிலும் வரும். அலிவால் ஷோல், சோட்வானா பே என்று நம் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் கடலில் இறங்குகிறவர்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, டைவிங்கின் முதல்நிலைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்துவிட்டேன். ரெகுலேட்டர் (டேங்க் காற்றை மூச்சுக்குத் தருவது), பிசிடி (காற்றடைத்து மிதக்கவைக்கும் அங்கி) எல்லாம் இப்போதைக்கு வாடகைதான். கம்ப்யூட்டர் மட்டும் சொந்தமாக வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் கட்டுவதா, கன்சோலா?

கையில் கட்டுவதையே வாங்குங்கள் தம்பி. நீங்கள் வாடகை செட்டில் இறங்குகிறவர் என்பதே அதற்கு முதல் காரணம். முதல் டைவில் உங்கள் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்தது, மேலே வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில் எவ்வளவு வெளியேறியது என்பதை அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொண்டே வரும். வாடகைக் கன்சோல் ரெகுலேட்டரோடு சேர்ந்தது. இரண்டாவது டைவுக்கு வேறு செட் கைக்கு வந்தால், அதில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உங்கள் முதல் டைவ் தெரியாது. புதிதாக இறங்குகிறவர் என்று நினைத்துத் தாராளமாக நேரம் காட்டும். வேறொருவர் காலையில் இறங்கிய செட்டாக இருந்தால் இன்னும் குழப்பம்: அவருடைய கணக்கு உங்கள் தலையில் ஏறும். கையில் கட்டியது உங்களோடு இறங்கும், உங்களோடு ஏறும்.

இன்னொன்று நம் கரையின் சங்கதி. உம்கோமாஸில் ஆற்று முகத்துவாரத்திலிருந்து ரப்பர் படகு அலையை உடைத்துக்கொண்டு வெளியே போகும்போது, டேங்க் எல்லாம் நடுவில் அடுக்கிக் கட்டியிருக்கும். படகு ஒவ்வொரு அலையிலும் எகிறி விழும்போது கன்சோல் எந்த டேங்குக்கு அடியில் நசுங்குகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கண்ணாடியில் கீறல் விழுவது பெரும்பாலும் அங்கேதான், தண்ணீருக்குள் அல்ல.

மேலே ஏறும்போதும் பாருங்கள். பிசிடியிலிருந்து காற்றை வெளியேற்ற, இடது கையால் அதன் குழாயான இன்ஃப்ளேட்டரைத் தூக்கிப் பிடித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் அதே மணிக்கட்டில் இருந்தால் ஆழமும் ஏறும் வேகமும் கண்ணுக்கு நேரே நிற்கும். வலது கை மிதவைக் கயிற்றுக்குச் சும்மா இருக்கும். கன்சோல் என்றால் அதைத் தேடிப் பிடிக்கவே அந்தக் கை போய்விடும். நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏற வேண்டிய நேரத்தில் இந்தத் தேடல் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை: டேங்கில் மீதிக் காற்றைக் காட்டும் முள் மீட்டரை ஒருநாளும் கழற்றாதீர்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அக்கா: கன்சோலில் இருப்பது பெரிதாக இருக்கிறதே, கணக்கும் அதில் துல்லியமாக இருக்குமா?

இல்லை அக்கா. கணக்குப் போடும் முறை உள்ளே இருக்கும் மென்பொருளைப் பொறுத்தது, பெட்டியின் அளவைப் பொறுத்தது அல்ல. பல மாடல்கள் ஒரே கணக்கோடு இரண்டு வடிவத்திலும் வருகின்றன. ஆழம் மட்டும் கருவி இருக்கும் இடத்துக்குத் தக்கபடி காட்டும். இடுப்புக்குக் கீழே தொங்கும் கன்சோல் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது அதனால்தான். அதில் ஆபத்தில்லை.

பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு ஐயா: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கிட்டத்தில் எழுத்து தெரிவதில்லை. அப்போதும் மணிக்கட்டுதானா?

ஐயா, உங்களுக்குக் கன்சோல் பொருந்தலாம். பெரிய எழுத்து, வேண்டிய தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்க்கும் வசதி, காற்று, ஆழம், நேரம் மூன்றும் ஒரே இடத்தில். ஆனால் வாங்குமுன் மணிக்கட்டில் கட்டும் பெரிய வண்ணத்திரை மாடல்களையும் ஒருமுறை பாருங்கள். கடையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்துப் படித்துப் பாருங்கள். மாஸ்க்கின் உள்பக்கம் கீழே ஒட்டும் சிறிய படிக்கும் லென்ஸும் கிடைக்கிறது. மாஸ்க் அப்படியே இருக்க, பார்வைச் சிரமம் பாதி தீர்ந்துவிடும்.

லெனேஷியாவிலிருந்து ஒருவர்: ஹோஸே இல்லாமல் டிரான்ஸ்மிட்டர் வைத்து, காற்றின் அளவையும் கையிலேயே பார்க்கலாம் என்கிறார்களே? வார இறுதியில் சோட்வானா வந்து போகிறவன் நான்.

நல்ல வசதிதான். ரெகுலேட்டரில் டேங்கோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் டிரான்ஸ்மிட்டரைத் திருகிவிட்டால் கையிலிருக்கும் கம்ப்யூட்டருக்குத் தகவல் வரும். ஆனால் டைவ் முடிந்து செட்டைப் படகுக்கு ஏற்றிக் கொடுக்கும்போது, மேலிருப்பவர் அதைக் கைப்பிடி என்று நினைத்துப் பிடித்துத் தூக்குவார். அப்படி உடைந்தவை நிறைய. படகுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முள் மீட்டரையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறங்குமுன் அதைப் பார்த்தபடி இரண்டு மூன்று மூச்சு இழுத்தால், வால்வு சரியாகத் திறக்காவிட்டால் முள் அந்த இடத்திலேயே விழுந்து எழும். எண்ணில் காட்டும் திரை அதை அவ்வளவு உடனே காட்டாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். ஞாயிறு காலை இரண்டு டைவ் போட்டுவிட்டு மதியமே வண்டியை எடுத்தால், விமானம் ஏறுவது போலத்தான் உடம்புக்கு: சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுமுன் உயரத்துக்குப் போவது ஆபத்து. டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளி, ஒரு டைவுக்குக் குறைந்தது 12 மணி நேரம், பல டைவுகளுக்கு 18 மணி நேரம். கம்ப்யூட்டரில் ‘இன்னும் பறக்காதே’ என்று காட்டும் விமானக் குறி மறையும்வரை கரையோரத்திலேயே தங்குங்கள். வேலைக்குத் திங்கள் மதியம் போனால் போதும் என்று சொல்லிவையுங்கள்.

வெருலத்திலிருந்து ஒரு தங்கை: கன்சோலும் ஹோஸும் சேரும் இடத்தில் சின்னக் குமிழி வருகிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். உள்ளே சுழலும் துண்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், சர்வீஸில் மாற்றிவிடுவார்கள். அந்த ஹோஸுக்குப் போகும் துளை மிகச் சிறியது. ஹோஸே வெடித்தாலும் டேங்க் ஒரேயடியாகக் காலியாகாது. நிதானமாக மேலே வர நேரம் இருக்கும். மாற்றும்வரை இறங்காதீர்கள்.

டோங்காட்டிலிருந்து ஒருவர்: ஏற்கெனவே நல்ல கன்சோல் வைத்திருக்கிறேன். விற்றுவிடட்டுமா?

எதற்கு? செட் உங்களுடையது, ஒவ்வொரு டைவுக்கும் அதே கன்சோல்தான் இறங்குகிறது என்றால் நான் மேலே சொன்ன பெரிய குறை உங்களுக்கு இல்லை. தொங்கவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சோட்வானாவின் டூ மைல் ரீஃபில் பவளத்தின்மேல் உரசிக்கொண்டு போகும் கன்சோல்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கிளை வளர எத்தனை வருடம்! இழுத்தால் நீளும் சுருள் கிளிப் ஒன்றை பிசிடியின் இடது நெஞ்சு வளையத்தில் மாட்டி, கன்சோலை அதில் கோத்துவிடுங்கள். ஹோஸ் கைக்கு அடியில், உடம்போடு ஒட்டி வர வேண்டும். கரையில் ஒருமுறை மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கை அதைத் தொடுகிறதா என்று பார்த்துவிட்டுப் படகேறுங்கள்.