ருஷ்ய நாவல்கள்: எதில் தொடங்கலாம்?

கேள்வி: டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' மூன்று தடவை எடுத்தேன் அக்கா. நூறு பக்கம்கூடத் தாண்டவில்லை. வேறு எதையாவது முதலில் படித்திருக்க வேண்டுமா?

பதில்: ஆமாம் தம்பி, 'வெண்ணிற இரவுகள்'. தஸ்தயேவ்ஸ்கி 1848இல் எழுதியது. நான்கு இரவு, ஒரு காலை, பெரும்பாலும் இரண்டே பேர் பேச்சு. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அடுத்து டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்'. இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்ததும் கூட வேலை பார்த்தவர்கள், அந்த இடத்துக்கு இனி யார் என்றுதான் யோசிப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' படிக்கிறேன். ஒரே ஆளுக்கு இத்தனை பெயரா?

பதில்: கதாநாயகன் பெயர் ரோடியோன் ரொமானொவிச் ரஸ்கோல்னிகோவ். முதலில் வைத்த பெயர், நடுவில் 'ரொமானின் மகன்', கடைசியில் குடும்பப் பெயர். அம்மாவுக்கு அவன் ரோத்யா. தங்கை அவ்தோத்யா ரொமானொவ்னா, வீட்டில் துனியா. நம் வீட்டில் சுப்பிரமணியன் மணியாகிற மாதிரிதான். ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். பாதிக்கு மேல் சீட்டு தேவைப்படாது.

கேள்வி: டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா', தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' இரண்டுமே தடிமன். எது முதலில்?

பதில்: அன்னாதான். பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. நிலக்கிழார் லெவின் குடியானவர்களோடு புல் அறுக்கும் இடத்தை மெதுவாகப் படியுங்கள். முதலில் கை வலிக்கும், வரிசை கோணலாகும். போகப்போக அரிவாள் தானாகவே அறுக்கிற மாதிரி ஆகிவிடும். நேரம் போனதே அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. கரமசோவில் கொலை நடப்பதற்குள் பாதிப் புத்தகம் தாண்டிவிடும். அதுவரை கடவுள், நீதி, அப்பன் பிள்ளைச் சண்டை. சாப்பாட்டுக்கடையில் இவான் தம்பி அல்யோஷாவிடம் பேசும் அத்தியாயங்களைத் தாவிவிடாதீர்கள். நாவலின் உயிரே அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் 'போரும் வாழ்வும்' எப்போது?

பதில்: அன்னா முடிந்ததும். 1805 ஜூலை விருந்தோடு தொடங்குகிறதே, அங்கே வரும் எல்லாரையும் நினைவில் வைக்கப் பார்த்துத்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். பியரையும் ஆந்த்ரேயையும் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நத்தாஷா கொஞ்சம் பொறுத்து வருவாள். பின்னுரை இரண்டு பாகம்; கதை முதல் பாகத்திலேயே முடிந்துவிடும். இரண்டாவது வரலாறு பற்றிய கட்டுரை, அதை ஒரு மாதம் கழித்துக்கூடப் படிக்கலாம்.