மென்மையான ஃப்ரீஸ்டைல் பலகையோடு விஸ்லருக்குப் போகலாமா?

ஒன்ராறியோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்று குளிர்காலங்களாக ப்ளூ மவுண்டனில் ஸ்னோபோர்டு ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு 154 செ.மீ. நீளமுள்ள, இரு முனைகளும் ஒரே வடிவமான ட்வின் பலகை ஒன்றை வாங்கினேன். ஃப்ளெக்ஸ், அதாவது விறைப்பு, பத்துக்கு மூன்று என்று அதில் குறித்திருக்கிறார்கள். கால்களுக்கு நடுவே தட்டையாகவும் இரு முனைகளிலும் ராக்கராகவும், அதாவது மேல்நோக்கி வளைந்தும், இருக்கிறது. என் எடை 74 கிலோ. தாவுமேடைகளும் ரெயில்களும் உள்ள பார்க்கிலும் சிறு சரிவுகளிலும் இது தரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை. பெப்ரவரியில் ஒரு வாரம் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள விஸ்லருக்குப் போகிறேன். முழு மலைக்கும் இது தாக்குப்பிடிக்குமா, அல்லது விறைப்பான புதுப் பலகை ஒன்றை வாங்கிவிடுவது நல்லதா?"

வாங்க வேண்டாம். உங்கள் பலகை அந்த மலையின் பெரும்பகுதிக்குப் போதும். போதாத இடங்களும் நேரங்களும் உண்டு. அவற்றை முன்கூட்டியே அறிந்துகொண்டால் ஒருநாள் வாடகையோடு காரியம் முடிந்துவிடும். மென்மையான பலகையைப் பற்றிப் பேசும்போது பலரும் "எந்தச் சரிவுக்கு ஆகும், எந்தச் சரிவுக்கு ஆகாது" என்று சரிவுகளைப் பிரிக்கிறார்கள். என் அனுபவத்தில் அதைத் தீர்மானிப்பவை இரண்டு: நீங்கள் போகும் வேகம், காலுக்குக் கீழே உள்ள பனியின் கடினம். செங்குத்தான சரிவில் பனி இளகலாக இருந்து நீங்கள் மெதுவாகத் திரும்பி இறங்கினால் அந்தப் பலகை முணுமுணுக்காது. அகலமான, சாய்வு குறைந்த சரிவிலேயே பனி இறுகி வேகமும் ஏறிவிட்டால் அது உங்களைக் கைவிடும்.

பலகையில் அச்சிட்டிருக்கும் அந்த "மூன்று" என்ற எண்ணை முழுதாக நம்ப வேண்டாம். ஃப்ளெக்ஸை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மூன்று இன்னொன்றின் ஐந்தாக இருக்கக்கூடும். மேலும் அந்த ஒற்றை எண் இரண்டு வெவ்வேறு குணங்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. மூக்கிலிருந்து வால்வரை நீளவாக்கில் பலகை எவ்வளவு வளைகிறது என்பது ஒன்று. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு காலை ஒருபக்கமும் மறுகாலை மறுபக்கமும் அழுத்தினால் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பது மற்றொன்று. விளையாட்டுத்தனமான பலகைகளில் கண்ணாடி இழையைப் பெரும்பாலும் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மட்டுமே நெய்திருப்பார்கள்; விறைப்பான பலகைகளில் 45 பாகைச் சாய்விலும் இழைகள் ஓடுவதால் அவை எளிதில் முறுக்கிக்கொள்ளா. சிறு சரிவில் முன்காலை லேசாக அழுத்தியவுடனேயே பலகை திரும்பத் தொடங்குகிறதே, அந்த இன்பத்துக்குக் காரணம் இந்த முறுக்கம்தான். இறுகிய பனியில் விளிம்பு பிடிமானத்தை விடுவதற்கும் அதே முறுக்கமே காரணம்.

உங்கள் பலகையின் வடிவம் வந்த கதையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2000-களின் பின்பாதி வரை கடையில் கிடைத்த பலகைகளில் பெரும்பாலானவை கேம்பர் வகை, அதாவது தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்லாக மேலெழுந்து நிற்பவை. லிப் டெக் நிறுவனத்தின் ஸ்கேட் பனானா போன்ற பலகைகள் அந்த வில்லைத் தலைகீழாக்கிப் பிரபலமான பிறகே ராக்கரும், தட்டையும், இரண்டையும் கலந்த வடிவங்களும் பெருகின. ராக்கர் முனைகள் விளிம்பு தட்டி விழும் ஆபத்தைக் குறைக்கின்றன, பவுடரில், அதாவது ஆழமான புதுப்பனியில், மூக்கை மேலே வைக்கின்றன. அதற்கு விலையாக, பலகை சாயாமல் தட்டையாக ஓடும்போது பனியைத் தொடும் விளிம்பின் நீளம் குறைந்துவிடுகிறது.

இப்போது மலைக்கு வருவோம். ப்ளூ மவுண்டனில் உச்சிக்கும் அடிக்கும் உள்ள உயர வித்தியாசம் ஏறத்தாழ 220 மீட்டர். விஸ்லர் கிராமம் சுமார் 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விஸ்லர் மலைக்குப் பக்கத்திலுள்ள இணை மலையான பிளாக்கோமில் லிஃப்ட் உங்களை இறக்கிவிடும் உச்சியிலிருந்து கிராமம்வரை சுமார் 1,600 மீட்டர் இறங்கலாம். நீங்கள் வழக்கமாக இறங்கும் மலையை ஏழு முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதற்குச் சமம் அது. பலகையின் குறையாகப் பலர் சொல்வது உண்மையில் தொடையின் களைப்பு. மென்மையான பலகை ஒவ்வொரு அதிர்வையும் முழங்காலிடம் ஒப்படைத்துவிடும். விறைப்பான பலகை அதில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். 220 மீட்டர் சரிவில் லிஃப்டில் உட்கார்ந்து மேலே போவதற்குள் களைப்பு தீர்ந்துவிடுவதால் இந்த வேறுபாடு தெரிவதில்லை. நீண்ட இறக்கத்தின் பின்பாதியில் தெரியும்.

காலையில் சீரமைத்து வைத்த சரிவுகளில், நடுத்தர வேகம்வரை உங்களுக்கு ஒரு தொல்லையும் இராது. இந்த அளவுப் பலகைகளின் பக்கவளைவு சிறிய ஆரம் கொண்டது. குறுகிய திருப்பங்களுக்கு அது இயல்பாக வரும், நீண்ட அகன்ற திருப்பத்தில் பொறுமையிழக்கும். வேகம் ஏறும்போது மூக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கும். முதல்முறை கேட்பவருக்குப் பலகை உடையப்போகிறது என்ற அச்சம் வரும். பனியைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும் ராக்கர் முனை காற்றிலும் மேட்டிலும் பட்டு எழுப்பும் ஓசை அது, அவ்வளவே. அதற்கு மருந்து, பலகையைத் தட்டையாக ஓடவிடாமல் எப்போதும் ஏதாவது ஒரு விளிம்பில் சற்றே சாய்த்து வைத்திருப்பது. சாய்த்தால் அதிர்வு குறையும், பலகையின் கூடுதல் நீளம் பனியைத் தொடும். அப்படியும் படபடப்பு நிற்கவில்லையென்றால் அதுதான் பலகையின் வேக வரம்பு. அங்கே திருப்பத்தால் வேகத்தைக் குறையுங்கள்.

இறுகிய பனியைப் பற்றி ஒன்ராறியோக்காரர் ஒருவருக்குப் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: ரெயிலில், அதாவது பார்க்கில் வைத்திருக்கும் கம்பிகளின் மேல், ஓட்டுபவர்கள் விளிம்பு சிக்கிக்கொள்ளாமல் இருக்க அதை அரத்தால் மழுக்கிவிடுவது வழக்கம், நீங்களும் அப்படிச் செய்திருக்கலாம். விஸ்லர் உச்சிப் பகுதிகளில் காற்று புதுப்பனியைத் துடைத்தெடுத்துவிட்ட நாளில் மழுங்கிய விளிம்போடு நிற்பது கொடுமை. நான் ஒருமுறை அப்படி ஒரு பலகையோடு, ஒரு சரிவின் மேல்பகுதி முழுவதையும் குதிகால் விளிம்பில் வழுக்கிக்கொண்டே இறங்கியிருக்கிறேன். பக்கத்தில் சிறுவர்கள் கடந்து போனார்கள். புறப்படுமுன் கடையில் கொடுத்துப் பக்க விளிம்பை 89 பாகைக்குத் தீட்டச் சொல்லுங்கள். மூக்கும் வாலும் மேலே வளையத் தொடங்கும் இடத்துக்கு அப்பால் மட்டும் மழுக்கினால் போதும். மென்மையான பலகையின் பிடிமானத்தில் இந்தச் சிறு செலவு ஏற்படுத்தும் மாற்றம், பலகையையே மாற்றுவதற்குக் கிட்டத்தட்ட நிகரானது.

உங்கள் பலகை உண்மையாகத் தோற்கும் இடம் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று விஸ்லரில் கொட்டும் பனி பெரும்பாலும் கனமானது, ஈரப்பிடிப்பு உள்ளது. மேலே பனி பெய்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் கிராமத்தில் மழை பெய்வது அங்கே அதிசயமில்லை. புதுப்பனி விழுந்த நாளின் காலை பத்து மணிக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதை வெட்டிக் குவித்துவிடுவார்கள். பிற்பகலில் முழங்கால் உயரக் கட்டிகளும் பள்ளங்களுமாக, உழுது போட்ட வயல் போலக் கிடக்கும். அந்தப் பனியில் வேகத்தோடு நுழைந்தால் மென்மையான மூக்கு கட்டியைப் பிளந்துகொண்டு போகாது. மடங்கும் அல்லது பக்கவாட்டில் தள்ளப்படும். ஒரு கட்டியில் மடங்கிய பலகை நிமிர்வதற்குள் அடுத்த கட்டி வந்துவிடும். பின்னால் சாய்ந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று தோன்றும். சாய்ந்தால் வாலும் மென்மையானதுதான் என்பதால் அது உங்கள் எடைக்குக் கீழே வளைந்து, மூக்கு மேலெழும்பிப் பலகை கையை விட்டுப் போகும். எடையை இரு கால்களுக்கும் நடுவே வைத்து, முழங்கால்களைத் தளர்த்தி, வேகத்தைப் பாதியாக்கி, கட்டிகளைப் பிளக்க முயலாமல் அவற்றைச் சுற்றித் திரும்பிப் போவதே வழி. மேடுபள்ளம் நிறைந்த மொகல் சரிவுகளிலும் இதே நடை பொருந்தும். மெதுவாகப் போகும்போது அங்கே மென்மை வரமாகிவிடுகிறது. மேட்டின் வடிவத்துக்கு ஏற்றாற்போலப் பலகை வளைந்து கொடுக்கும்.

வெட்டுப்படாத புதுப்பனியைப் பொறுத்தவரை, மென்மையான பலகை பவுடருக்கு ஆகாது என்ற பொதுக் கருத்தை நான் ஏற்பதில்லை. ஆழ்பனியில் மிதக்க வைப்பவை பலகையின் பரப்பும், மூக்கின் ராக்கரும், எடை எங்கே நிற்கிறது என்பதும்தான். விறைப்புக்கு அங்கே வேலை குறைவு. 74 கிலோவுக்கு 154 செ.மீ. சற்றுக் குறைவானாலும் போதும். குறை வேறோர் இடத்தில் இருக்கிறது: ட்வின் பலகையில் மூக்கும் வாலும் ஒரே அளவு, நீங்கள் நிற்பது நட்டநடுவில். மூக்கு அமிழாமல் இருக்கப் பின்காலைத் தொடர்ந்து அழுத்த வேண்டியிருப்பதால் மதியத்துக்குள் பின்தொடை எரியும். பனிவிழும் நாளன்று, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் இரண்டு பைண்டிங்குகளையும் ஒரு துளை அளவு பின்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 2 செ.மீ., அந்த அளவுக்கே வித்தியாசம் நன்றாகத் தெரியும். மரங்களுக்கு நடுவே, வேகமும் குறைவு, திருப்பமும் சட்டென்று வேண்டும் என்பதால், உங்கள் பலகையைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் மேற்குக் கடற்கரையின் பெரிய ஊசியிலை மரங்களின் அடியில், கிளைகள் மறைத்த இளகிய பனிக்குழிகள் உண்டு. தலைகீழாக விழுந்தால் தனியாக வெளியே வருவது மிகக் கடினம். எத்தனை திறமை இருந்தாலும் துணையில்லாமல், துணையைக் கண்பார்வையில் வைக்காமல், மரங்களுக்குள் போகக் கூடாது.

தட்டையான இணைப்புப் பாதைகளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். இரு தடிகளோடு ஸ்கீ ஓட்டுபவர்கள் ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் நின்றுவிட்டால் ஒரு காலைக் கழற்றி உதைத்துக்கொண்டு போக வேண்டும். விஸ்லர் மலையின் சிம்ஃபனி பகுதியிலிருந்து வெளியே வரும் நீண்ட பாதையில் இதை அனுபவிப்பீர்கள். விலை குறைந்த ஃப்ரீஸ்டைல் பலகைகளின் அடித்தளம் பெரும்பாலும் உருக்கிப் பிதுக்கிய பாலிஎதிலீன். கீறலைச் சரிசெய்வது எளிது, மெழுகை உறிஞ்சிக்கொள்வது குறைவு, அதனால் ஓட்டமும் மந்தம். ஈரப்பனி அதைப் பிடித்து இழுக்கும். வெதுவெதுப்பான வெப்பநிலைக்குரிய மெழுகைக் கையோடு கொண்டுபோய் இரண்டு நாளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கில் உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை, அது இந்தப் பலகையின் சொந்த வீடு. பிளாக்கோமின் பெரிய தாவுமேடைகளை மட்டும் விட்டுவிடுங்கள். தரையிறக்கம் நூலிழை பிசகினாலும் மென்மையான வால் அதை மன்னிக்காது.

வாடகைக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு மட்டும், 156 முதல் 158 செ.மீ. நீளமுள்ள, கேம்பர் வகையான, ஃப்ளெக்ஸ் ஆறு அல்லது ஏழு என்று குறித்த பலகையை எடுங்கள். புதுப்பனி விழுந்த நாளில் வாடகைப் பலகை எடுக்க மனம் துடிக்கும். எடுக்காதீர்கள், அன்று காலை உங்கள் பலகையே நன்றாக ஓடும். இரண்டு மூன்று நாட்கள் பனியில்லாமல் வானம் தெளிந்து குளிர் இறுகும் நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று விஸ்லர் உச்சிக்கும் பிளாக்கோமின் செவன்த் ஹெவன் பகுதிக்கும் போங்கள். இரு மலைகளையும் இணைக்கும் பீக் டு பீக் கொண்டோலா இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். விறைப்பான பலகை உங்கள் தவறுகளை இன்னும் உரக்கச் சொல்லும் என்பதால், முதல் இரண்டு இறக்கங்களை எளிய சரிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு செய்யக் கை அரித்தால் பூட்ஸில் செய்யுங்கள். குதிகால் மேலே எழாமல் இறுகப் பிடிக்கும், நடுத்தர விறைப்புள்ள பூட்ஸ் மென்மையான பலகைக்கு உயிர் கொடுக்கும். மிக விறைப்பான பைண்டிங்கைப் பொருத்தினால் மட்டும் எதிர்விளைவு உண்டாகும். காலின் சிறு அசைவுகூடப் பலகையை முறுக்கிவிடும். பைண்டிங்கை நகர்த்திய பிறகு திருகுகளை முதல் இறக்கம் முடிந்தவுடன் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், அவை சற்றுத் தளர்ந்திருக்கும். லிஃப்ட் வரிசை அருகே திருப்புளி வைத்திருப்பார்கள்; சட்டைப் பையில் உங்களுடையதே ஒன்று இருப்பது இன்னும் நல்லது.