எய்ட்ஸ் கணக்கெடுப்பு வேலைக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

மகள் சமூகப்பணியில் முதுகலை முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறாள். இப்போது எச்.ஐ.வி. ஆபத்து பற்றிய ஒரு கணக்கெடுப்பில் கள ஒருங்கிணைப்பாளர் வேலை வந்திருக்கிறது. அனுப்பவா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவாடு காயப்போட்டு, குழுக்கடன் வாங்கிப் படிக்க வைத்த பிள்ளை. "எய்ட்ஸ் வேலைக்குப் போறான்னு தங்கச்சிமடம் முழுக்கப் பேசினா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்று நீங்கள் எழுதியிருந்த வரியை இரண்டு முறை படித்தேன். அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. ஆனாலும் அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

உடம்புக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற கவலையை முதலில் விட்டுவிடுங்கள். தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது. ஒருங்கிணைப்பாளர் ரத்தம் எடுப்பதும் இல்லை. கணக்கெடுப்பில் ரத்தப் பரிசோதனை இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்ற லேப் டெக்னீசியன் வருவார். அவருக்குக் கைதவறி ஊசி குத்திவிட்டால்கூட, உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்க வழி இருக்கிறது.

அடுத்து, இது என்ன மாதிரி வேலை என்பது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிய வந்ததே ஒரு மாணவி செய்த களப்பணியால்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படித்துக்கொண்டிருந்த நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூரில் நடந்த பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. இருபது வருடம் கழித்து இன்னொன்று நடந்தது. நாட்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்தத் தொற்று இருப்பதாக அதுவரை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போய், சம்மதம் கேட்டு, ஒரு லட்சம் பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். அந்தக் கணக்கும் வந்து சேர்ந்த பிறகு, 2007-இல் மதிப்பீடு சுமார் 25 லட்சம் என்று பாதியாகக் குறைந்தது. மருந்து எவ்வளவு வேண்டும், எந்த மாவட்டத்தில் நம்பிக்கை மையம், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற அரசு மையம், திறக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த மாதிரி எண்களை வைத்துத்தான் முடிவாகிறது. வாசலில் நின்று "உள்ளே வரலாமா அம்மா?" என்று கேட்ட பிள்ளைகள் கொண்டுவந்த எண் அது.

அப்படி ஓர் எண்ணை நம் கரையில் எடுத்துக் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. கல்யாணத்துக்கு முன் நானே மூன்று வருடம் களத்தில் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நேரம். விசைப்படகு கடலுக்குப் போகிற அன்று ஆண்களைத் தேடிப்போனால் வயதானவர்கள்தான் இருப்பார்கள். கரை திரும்பிய காலையில் மீனைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தூங்குவார்கள், எழுப்பக் கூடாது. பாசி எடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கீழக்கரையிலும் ஞாயிறு காலை தங்கச்சிமடத்திலும் யாரும் பேசக் கிடைக்க மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் வேலையை வைத்தால் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள் என்று மேலே இருப்பவர்கள் திட்டம் போடுவார்கள். ஆனால் விசைப்படகில் போகிற பலர் அப்போதுதான் பிழைப்புக்கு வெளியூர் போயிருப்பார்கள். ஊரைவிட்டு மாதக்கணக்கில் தனியாக இருப்பவர்களைப் பற்றித்தான் இந்த மாதிரி கணக்கெடுப்பு முக்கியமாகக் கேட்கிறது. அவர்களை விட்டுவிட்டு எடுத்த கணக்கு எதற்கு உதவும்? இதையெல்லாம் சொல்லி அட்டவணையை மாற்ற வைக்கிற ஆள்தான் ஒருங்கிணைப்பாளர். சென்னையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தெரியாது. உங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சொல்லாமலே தெரியும்.

அப்புறம் அனுமதி. கலெக்டர் அலுவலகக் கடிதம் கையில் இருந்தாலும் மீனவர் சங்கத் தலைவர், ஜமாத், பங்குத்தந்தை, ஊராட்சித் தலைவர் என்று ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும். நாங்கள் ஓர் ஊரில் யாரையும் பார்க்காமல் நேரே வீடுகளுக்குப் போய், பாதி நாளில் வினாத்தாளோடு திரும்பி வந்தோம். தப்பு எங்கள் மேல்தான்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது ரகசியத்தைப் பற்றி. மனைவியைத் தவிர வேறு யாரோடும் உறவு உண்டா, ஆணுறை பயன்படுத்தினீர்களா, பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்கிற கேள்விகள் அவை. பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும். மாமியார் காதில் விழாத இடம் வேண்டும். படிவத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் ஒருவருடைய நிலையை வெளியே சொல்வதையும் தடை செய்கிறது.

ஒரே ஊரில் எல்லோரும் அத்தை, மாமா, மச்சான். அதனால் உங்கள் மகளுக்குத் தங்கச்சிமடத்தையோ பாம்பனையோ ஒதுக்கக் கூடாது, ஒதுக்கினால் அவளே வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தெரிந்த முகத்திடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? அவள் தொண்டிப் பக்கமோ சாயல்குடிப் பக்கமோ போகட்டும். ஆளின் ரகசியத்தைப் போல ஊரின் ரகசியமும் உண்டு. "இந்தக் குப்பத்தில் இத்தனை பேர்" என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோருடைய கல்யாணத்துக்கும் கேடு. மீனவர் என்றாலே ஆபத்து என்று எழுதிவிடுகிற அறிக்கைகளைப் பார்த்து நான் கொதித்திருக்கிறேன். ஆபத்து தொழிலில் இல்லை, ஊசியைப் பகிர்வது, பாதுகாப்பில்லாத உறவு போன்ற செயல்களில் இருக்கிறது. இதை மேலதிகாரிக்கு எடுத்துச் சொல்கிற தைரியம் உங்கள் மகளுக்கு வேண்டும்.

ஊரார் கேட்டால் என்ன சொல்வது? "உடல்நலக் கணக்கெடுப்பில் வேலை" என்று சொல்லுங்கள், பொய் இல்லை. களத்திலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்பார்கள். விவரத்தைத் தனியே உட்கார்ந்து, சம்மதம் கேட்கும்போது முழுவதும் சொல்வார்கள். பதில் சொல்கிறவர்களைப் பக்கத்து வீட்டார் சந்தேகமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

இனி, சேருமுன் கேட்க வேண்டியவை. கணக்கெடுப்பில் யாருக்கும் பாதிப்பு வராதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருக்கிறார்களா? வேலை எத்தனை மாதம்? இவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள், முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள், நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். பயணப்படி முன்பணமாகக் கிடைக்குமா, இவள் கைக்காசைப் போட்டுவிட்டு பில் கொடுத்துக் காத்திருக்க வேண்டுமா? எனக்கு ஓர் இடத்தில் இரண்டு மாதச் சம்பளமும் பஸ் காசும் அப்படியே நின்றது, அம்மாவின் தோட்டை அடகு வைத்தேன். இருட்டிய பிறகு வண்டி உண்டா, இரவு தங்கினால் கூட இன்னொரு பெண் உண்டா? வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கிற 2013-ஆம் வருடச் சட்டப்படி புகார்க் குழு இருக்கிறதா, யாரிடம் போன் செய்வது? இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். நல்ல நிறுவனம் கேட்கிறவளைத்தான் மதிக்கும்.

இன்னொன்று அவளிடம் தனியே சொல்லுங்கள். அவளுக்குக் கீழே எட்டுப் பத்து பேர் கேள்வி கேட்கப் போவார்கள். யாராவது ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தானே பதிலை நிரப்பிவிடுவார். முக்கால் மணி நேரம் ஆக வேண்டிய பேட்டி பத்து நிமிடத்தில் முடிந்திருந்தால், எல்லாப் படிவத்திலும் ஒரே பதில் வந்தால், அந்த வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். பழகியவர் என்று விட்டுக்கொடுக்கக் கூடாது.

எதிர்காலம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வருடக் கள அனுபவத்தோடு, எக்செல்லும் புள்ளிவிவர மென்பொருள் ஒன்றும் கற்றுக்கொண்டால் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்கோ, குடும்பநலக் கணக்கெடுப்பை நடத்துகிற மும்பை மக்கள்தொகை நிறுவனத்துக்கோ, தகுதி விதியைப் பார்த்துவிட்டு முயலலாம். ஆலோசகர் வேலை பிடித்துப்போனால் நம்பிக்கை மையம் போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், சமூகப்பணிப் படிப்பு அதற்குப் பொருந்தும். அரசுத் தேர்வுக்குப் படிப்பதையும் நிறுத்த வேண்டாம், ராமேசுவரம் பஸ்ஸில் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

வேலை ஆணை வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வாருங்கள். ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படித்துவிடலாம்.