பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் (ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கணக்கிடுதல்): கேள்வி பதில்

கேள்வி: சார், ஆக்சாலிக் அமிலத்தில் பெர்மாங்கனேட்டை விட விட, குடுவை பழுப்பாகக் கலங்கிவிடுகிறது. கரைசல் கெட்டுப்போனதா?

பதில்: கரைசலைச் சந்தேகிக்கும் முன் கந்தக அமிலத்தைப் பாருங்கள். அந்தப் பழுப்பு மாங்கனீஸ் டைஆக்சைடு. அமிலம் போதாவிட்டால் பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரானையும் ஏற்காமல் மூன்றோடு நின்றுவிடும். கணக்கு மொத்தமும் தப்பாகும். 20 மி.லி. ஆக்சாலிக் அமிலத்துக்கு அதே அளவு 2N (N என்பது நார்மாலிட்டி, செறிவின் அலகு) கந்தக அமிலம் சேருங்கள். அடுத்தது சூடு: 60 முதல் 70 டிகிரி. ஆறிய கரைசலில் மளமளவென்று விட்டாலும் பழுப்பு வரும். கலங்கியதைத் தொடராதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள்.

கேள்வி: அப்படியானால் நன்றாகக் கொதிக்க வைக்கலாமா?

பதில்: கூடாது. ஆக்சாலிக் அமிலமே சிதைந்து, அளவீடு (செலவாகும் பெர்மாங்கனேட்டின் அளவு) குறைந்துவிடும். ஆவி எழத் தொடங்கியதும் இறக்குங்கள்.

கேள்வி: சூடு சரியாக இருந்தும் முதல் சில துளிகளின் நிறம் போவதில்லையே மேடம்?

பதில்: போகும், பொறுங்கள். வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனிதான் இந்த வினைக்கே வினையூக்கி. தொடக்கத்தில் அது இல்லை. சில துளி விட்டு, குடுவையைச் சுழற்றி, நிறம் மறைந்த பிறகு அடுத்ததை விடுங்கள். பிறகு வேகம் தானாகக் கூடும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுநிலை.

கேள்வி: கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால்?

பதில்: குளோரைடைக் குளோரினாக மாற்றவும் பெர்மாங்கனேட் செலவாகும், அளவீடு கூடும். நைட்ரிக் அமிலம் தானே ஆக்சிஜனேற்றி, பெர்மாங்கனேட்டின் வேலையை அதுவும் செய்யும், எனவே அளவீடு குறையும்.

கேள்வி: மோர் உப்புக்கும் (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) சூடு வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. சூடாக்கினால் ஃபெரஸ் அயனி காற்றிலேயே ஃபெரிக் ஆகிவிடும்.

கேள்வி: பியூரெட்டில் (கரைசலைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாய்) திரவத்தின் வளைந்த மேற்பரப்பில் எந்த விளிம்பைப் படிப்பது?

பதில்: அடர்நிறக் கரைசல் என்பதால் மேல் விளிம்பு. கண் அதே மட்டத்தில் இருக்கட்டும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் (குறித்த அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் குழாய்) அதனதன் கரைசலால் அலசுங்கள். கூம்புக் குடுவையை வெறும் வாலைவடிநீரால் மட்டும்.

கேள்வி: 3.16 கிராம் பெர்மாங்கனேட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் சரியாக 0.1N தானே? ஏன் மறுபடி செறிவைச் சரிபார்த்துத் தரப்படுத்த வேண்டும்?

பதில்: பெர்மாங்கனேட் உப்பிலேயே கொஞ்சம் மாங்கனீஸ் டைஆக்சைடு கலந்திருக்கும்; தண்ணீரிலுள்ள கரிமப் பொருளும் பெர்மாங்கனேட்டைத் தின்னும். கரைசலைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் பஞ்சில் வடிகட்டிப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். வடிதாள் வேண்டாம், அதையும் இது ஆக்சிஜனேற்றும். பிறகு 250 மி.லி. அளவுக்குடுவையில் 1.575 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தைக் கரைத்துக் கிடைக்கும் 0.1N கரைசலோடு தரம்பாருங்கள்.