கர்டர்கள் மரச்சட்டம்போல் தெரிகின்றன: ஸ்கெட்ச்அப் கேள்விக்குப் பதில்

வணக்கம். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வரையும் கூடத்தில் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) மேல்தளத்துக்குக் கீழே வெளியே தெரிய வேண்டும், ஆனால் நீங்கள் வைத்த செவ்வகப் பெட்டிகள் மரச்சட்டம்போல் இருக்கின்றன, அடிப்பகுதியும் மினுமினுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெட்டிகளை அழித்துவிடுங்கள். 'ஐ' வடிவக் குறுக்குவெட்டைச் சுவரில் வரைந்து, புஷ்/புல் கருவியால் எதிர்ச்சுவர்வரை நீட்டுங்கள். 150 மி.மீ. உயரக் கர்டரில் மேல், கீழ்ப் பட்டைகளின் அகலம் ஏறத்தாழ 75 மி.மீ.; நடுத்தகடு வெறும் 5 மி.மீ. அந்த மெலிவுதான் இரும்பைக் காட்டிக்கொடுக்கும். தகட்டை 20 மி.மீ. ஆக்கினால் என்ன நிறம் பூசினாலும் மரம்தான்!

பிறகு அதைக் கம்போனென்ட் (நகல்கள் எல்லாம் சேர்ந்து மாறும் தொகுப்பு) ஆக்குங்கள். மூவ் கருவியில் கன்ட்ரோல் விசையோடு ஒரு நகலை மறுகோடிச் சுவரில் வைத்து, உடனே /8 என்று தட்டி என்டர் கொடுங்கள். உங்கள் 16 அடி அறை எட்டாகப் பிரிந்து, 2 அடிக்கு ஒன்றாக அமைந்துவிடும். சுவரோரம் ஒட்டி நிற்கும் முதலும் கடைசியும் தேவையில்லை, ஏழு போதும். பின்னால் ஒன்றின் உயரத்தைத் திருத்தினால் எல்லாம் சேர்ந்தே மாறும்.

மினுமினுப்புக்குக் காரணம், பெட்டியின் அடிமுகமும் தளத்தின் அடிமுகமும் ஒரே மட்டத்தில் இருப்பது. கர்டரின் மேல்மூலையைப் பிடித்து, நீல அச்சில் (மேல்-கீழ்த் திசையில்) இறக்கி, தளத்தின் அடியில் பொருத்துங்கள். நிறத்துக்குப் பளபளப்பான வெள்ளி வேண்டாம், மங்கிய கரும்சாம்பல் கொடுங்கள். கர்டரின் உண்மையான அளவை மட்டும் பொறியாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; நான் சொன்னது படத்துக்கு.